பெல்ட்டில் மூன்று துளைகள்

"மார்ச் 9, ஞாயிறு. வெயில். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டேன். தோல் நீண்டுவிட்டது."

என் முப்பத்தெட்டாவது நோட்டில் 'பொருள்கள்' என்ற தலைப்பின் கீழ் இந்த வரி இருக்கிறது. இதற்கு மேல் வரியில் மிக்சி மூடியில் விழுந்த விரிசல். கீழ் வரியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றிய மிதவை. பெல்ட் என்பது நாயின் கழுத்துப் பெல்ட். நாய்க்கென்று என் நோட்டில் தனித் தலைப்பு கிடையாது. வானிலை, பொருள்கள், நடை, சமையல், அக்கம்பக்கம் என்று ஐந்து தலைப்புகள் உண்டு. நாய் இந்த ஐந்திலும் தேவைப்படும்போது வந்து போகும். பிழை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

பட்டாபிராமில் ஒரு குடியிருப்பின் முதல் மாடியில் வசிக்கிறேன். ஓய்வு பெறும்வரை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் தரச் சோதகராக இருந்தேன். இயந்திரங்களுக்குள் செருகும் புஷ் என்னும் உலோக வளையங்களைக் கடைந்து தள்ளும் பட்டறை அது. மணிக்கு ஒருமுறை ஒரு வளையத்தை எடுத்து, அதன் துளையை அளந்து, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைப்பதுதான் என் வேலை. அங்கே எனக்கு இரண்டு விதிகள் சொல்லிக் கொடுத்தார்கள். அளவு மாறினால் முதலில் கருவியைச் சந்தேகி. இது முதல் விதி. ஒவ்வொரு புள்ளியும் அனுமதித்த எல்லைக்குள் இருந்தாலும், ஏழு புள்ளிகள் வரிசையாக ஒரே பக்கம் நகர்ந்தால் இயந்திரத்தை நிறுத்து. இது இரண்டாவது. முதல் விதி எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. இரண்டாவதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாய் என் மனைவியுடையது. குட்டியாகக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கிடந்ததை அவள்தான் எடுத்து வந்தாள். நாட்டு நாய், செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வீட்டுக்குள் ஏற்றக் கூடாது என்று நான் சொன்ன நாளும், அது சோபாவுக்கு அடியில் தூங்கிய முதல் நாளும் நோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக மனைவி புனேவுக்குப் போனாள். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் பேச்சு. சென்ட்ரலில் ரயில் ஏறும்போது, "நீங்களும் வந்துடுங்களேன்" என்றாள். நான் சட்டென்று, "நாயை யார் பாத்துக்குவா?" என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி எல்லோருக்கும் வசதியாக அமைந்துவிட்டது. அதன் பிறகு யாரும் என்னைப் புனேவுக்கு வரச் சொல்லவில்லை, நானும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் போன தேதியை எழுதி, அதற்கு எதிரே திரும்பும் தேதிக்காக ஓர் இடம் விட்டிருந்தேன். அது நோட்டு எண் முப்பத்து மூன்றில் இன்னமும் வெறுமையாக இருக்கிறது. பேத்தி இப்போது மழலையர் பள்ளிக்குப் போகிறாள். என்னை 'போன் தாத்தா' என்கிறாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வீடியோவில் அழைப்பு வரும். மனைவி முதலில் நாயைத்தான் கேட்பாள். நான் போனைத் தரையை நோக்கித் திருப்புவேன். அவள் ஒரு சத்தம் எழுப்புவாள். இரண்டு தடவை நாக்கைத் தட்டி, கடைசியில் ஒரு இழுப்பு. நாய் போனின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாலால் சுவரை அடிக்கும். இதற்கே ஐந்து நிமிடம் போய்விடும். பிறகு, "சாப்டீங்களா?" "ஆச்சு." "மழையா?" "இல்ல." மொத்தம் எட்டு நிமிடம், சில ஞாயிறு ஒன்பது.

நாய்க்கு ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயில்களை அது பொருட்படுத்தாது. ராணுவக் கிடங்குப் பக்கம் போகும் தண்டவாளத்தில் எப்போதாவது ஒரு டீசல் எஞ்சின் வந்து ஊதும். அந்த ஊதலுக்கு மட்டும் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு, எஞ்சின் போகும்வரை குரைக்கும். எஞ்சின் தினமும் வராது. வாரத்தில் இரண்டு நாள் வரும், சில வாரம் வரவே வராது. குடியிருப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள். மதுரை, கோவை, நெல்லை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எஞ்சின் ஊதுகிற நேரத்தில்தான் அவர்களுக்கு முக்கியமான மீட்டிங் இருக்கும். சங்கத்திலிருந்து எனக்கு இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டையும் தேதியிட்டுக் கோப்பில் வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் சங்கச் செயலாளர் படிக்கட்டில் நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். என்ன டிரெயினிங் குடுத்தீங்க? சத்தமே இல்லியே! நம்ம பசங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார். நான் சிரித்தேன். 'அக்கம்பக்கம்' தலைப்பில் எழுதினேன்: "ஏப்ரல் 16, புதன். நாய் குரைப்பதில்லை என்று செயலாளர் பாராட்டினார். ஒழுக்கம் படிந்துவிட்டது."

அது என்றிலிருந்து குரைக்கவில்லை என்பது என் நோட்டில் இல்லை. நடந்ததைத்தான் நான் எழுதுவேன், நடக்காததை எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்துக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். இந்தக் கட்டிடம் எழும்புவதற்கு முன் இங்கே இருந்த வயலில் நாற்று நட்டவர். "இப்ப நீ பட்துத் தூங்குற எடத்துல நான் களை புட்ங்கிருக்கேன் சார்" என்று ஒருமுறை சொன்னார். நாயை அவர் 'நைனா' என்பார். காலை நடையில் நாய் முதலில் அவரிடம் போய், பொறை ரொட்டியில் பாதி வாங்கித் தின்றுவிட்டுத்தான் தெருவுக்கே வரும்.

ஏப்ரல் கடைசியில் அவர் கரியை ஊதிக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், நைனா மௌன வெரதமா? எஞ்சினு வந்து போய்கினே கீது, இது சொம்மா பாத்துகினு கீது."

"வயசாச்சும்மா. பக்குவம் வந்துடுச்சு."

"பக்குவமா? உனுக்கே இன்னும் வர்ல, அதுக்கு வந்துட்ச்சா?" என்று சிரித்தார். "பொறை குட்த்தா மோந்து பாத்துட்டு வெச்சிட்டுப் போவுது சார். நேத்து காக்கா துன்னுட்ச்சு."

அதையும் எழுதினேன், 'சமையல்' தலைப்பில். "பொறை பிடிக்கவில்லை. கோழி ஈரல் மட்டும் தின்கிறது. நாக்கு ருசி கண்டுவிட்டது."

ஏப்ரல் 20, ஞாயிறு, இரண்டாவது துளை. ஆணியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, முந்தைய துளையிலிருந்து சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினேன். தோல் கருகும் வாசனை சமையலறையில் மாலைவரை இருந்தது. நாய் அந்த வாசனைக்கு எழுந்து வரவில்லை என்பதும் நோட்டில் இல்லை.

அடுத்த ஞாயிறு மனைவி திரையில் நாயைப் பார்த்துவிட்டு உடனே சத்தம் எழுப்பவில்லை.

"ஏங்க, அது ஏன் இப்படி இளைச்சிருக்கு?"

"இளைக்கல்லாம் இல்ல. போனை மேலேர்ந்து புடிச்சிருக்கேன்ல, அப்படித்தான் தெரியும்."

"கீழ எறக்கிப் பிடிங்க."

இறக்கினேன். அவள் நாக்கைத் தட்டினாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. வால் தரையில் ஒருமுறை அசைந்து நின்றது.

"வாலையே ஆட்டலயே."

"வெயில். இங்க நூத்தி நாலு. மனுசனே ஆடல, வால் எங்க ஆடும்?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் காய்ச்சல்னு சொன்னப்ப தெர்மாமீட்டர வெந்நீர்ல முக்கிப் பாத்தவராச்சே நீங்க" என்றாள். அது உண்மை. மகள் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு. வெந்நீரில் முக்கிப் பார்த்து, கருவி சரிதான் என்று நிச்சயமான பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டைபாய்டு என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அன்றைய அழைப்பு நான்கு நிமிடம்.

வாரம் ஒருமுறை பார்ப்பவளுக்குத் தெரிந்தது தினமும் பார்க்கும் எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்ப்பவன் நேற்றோடுதான் இன்றை ஒப்பிடுகிறான். நேற்றுக்கும் இன்றுக்கும் எப்போதும் எல்லைக்கு உட்பட்ட வித்தியாசம்தான்.

மே 25, ஞாயிறு. கத்திரி வெயில் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. நடைக்குக் கிளம்பும்போது பெல்ட் மீண்டும் தலைவழியே கழன்று வந்தது. மூன்றாவது துளை. போட்டு முடித்துக் கீழே இறங்கியபோது தேய்ப்புக்காரப் பெண்மணி வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததைவிட இறங்கியது என்று சொல்ல வேண்டும். பின்கால்கள் முதலில், பிறகு மற்றவை.

அவர் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, சல்லடையாட்டம் ஓட்டை போட்டு வெச்சிகீற?"

"மட்டமான தோல்ம்மா. நீண்டுகிட்டே போகுது."

அவர் நாயின் முதுகில் கை வைத்தார். நான் தடவுவதுபோல் இல்லை. காய்கறிக் கடையில் கத்திரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல், விரல்களைப் பரப்பி விலா நெடுக அழுத்திக்கொண்டே போனார். இடுப்பு எலும்பு வந்ததும் நிறுத்தினார்.

"சார், தோலு நீள்ல சார். நாயி கொறைஞ்சிகினு வர்து."

நான் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"கைய வெச்சிப் பாரு. வெச்சிப் பாரு சார், கடிக்காது. அய்யே, உன் நாயிதான?" என்று என் மணிக்கட்டைப் பிடித்து வைத்தார். ரோமத்துக்கு அடியில் ஒவ்வொரு விலாவும் தனித்தனியாக இருந்தது. ஹார்மோனியத்தின் கட்டைகள் மீது துணி போர்த்தியதுபோல். காது மடல் சூடாக இருந்தது. இரண்டரை ஆண்டுகளாகத் தினமும் அதற்குச் சோறு போட்டிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், சங்கிலி பிடித்து நடந்திருக்கிறேன். இப்படிக் கை வைத்துப் பார்த்ததில்லை.

நடையை விட்டுவிட்டு மேலே வந்தேன். பெல்ட்டைக் கழற்றி மேசையில் நேராக வைத்து எஃகு அளவுகோலால் அளந்தேன். பிறகு பழைய நோட்டில் அதை வாங்கிய நாளைத் தேடினேன். வாங்கும் எல்லாவற்றையும் அளந்து எழுதுவது என் வழக்கம். "கழுத்து பெல்ட், பழுப்பு. நீளம் 520 மி.மீ." மேசையில் இருந்ததும் 520. ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை. மூன்று துளைகளுக்கும் சேர்த்து முப்பத்தாறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது நாயின் கழுத்து.

அன்று பகல் முழுக்க நோட்டைப் பின்னோக்கிப் படித்தேன். நாயைப் பற்றிய வரிகளுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டு போனேன். பழைய கப்பல் குறிப்பேடுகள் பற்றிப் படித்திருக்கிறேன். உணவுக் கையிருப்பு ஒரு புத்தகத்தில் இருக்கும், நோயாளிகள் இன்னொரு புத்தகத்தில் இருப்பார்கள். நோயைத் தடுக்கும் எலுமிச்சை தீர்ந்ததும் ஈறு வீங்கியதும் ஒரே பக்கத்தில் எழுதப்படாததால் யாருக்கும் புரியாமல் போகும். படித்தபோது அந்த மாலுமிகள் மீது எனக்கு இளக்காரம் இருந்தது.

'வானிலை'யில் இருந்தது: "வெயில் கடுமை. நாயின் கிண்ணம் மூன்று முறை நிரப்பினேன்." அது மார்ச் கடைசி. கத்திரி தொடங்க ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தது. 'நடை'யில் இருந்தது: "ஏரிக்கரை வரை போகவில்லை. இரண்டாவது மின்கம்பத்திலேயே திரும்பியது. தெருவில் சேறு." சேறு உண்மைதான். ஆனால் மறுநாள் சேறு காய்ந்துவிட்டது, நாய் மறுநாளும் இரண்டாவது கம்பத்தில்தான் திரும்பியிருக்கிறது. 'பொருள்கள்': "குளியலறைத் தரையில்தான் படுக்கிறது. பால்கனிப் பாயை மடித்து வைத்தேன்." 'சமையல்': "நாயின் வாயில் கெட்ட நாற்றம். கருவாடு எங்கேயாவது தின்றிருக்கும்." எல்லாவற்றுக்கும் முன்னால், பிப்ரவரி 2, ஞாயிறு: "காதுக்குப் பின்னால் உண்ணி நான்கு. எடுத்து மண்ணெண்ணெயில் போட்டேன். விவகாரம் முடிந்தது."

கட்டம் போட்ட தாள் ஒன்று எடுத்துப் புள்ளிகள் வைத்தேன். ஏழு தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே பக்கம்.

ஒவ்வொரு வரியிலும் ஒரு காரணமும் எழுதியிருந்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வெயில், சேறு, கருவாடு, ருசி, ஒழுக்கம், தோல். காரணம் எழுதாமல் நடந்ததை மட்டும் எழுதியிருந்தால்கூட ஏதோ ஒரு நாள் உறுத்தியிருக்கும்.

மறுநாள் திங்கள், ஆவடியில் நான் விசாரித்த மருத்துவமனையில் அன்று மட்டும் மருத்துவர் இல்லை. மே 27, செவ்வாய் காலை கிளம்பினோம். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் போய்விட்டார்கள். மூன்றாமவர், "கடிக்குமா?" என்றார். "குரைக்கக்கூட மாட்டேங்குது" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் பின் சீட்டில் தன் துண்டை விரித்துப் போட்டார். "ஏறு நைனா" என்றார். என்னைச் சொன்னாரா நாயைச் சொன்னாரா தெரியவில்லை. இருவருமே ஏறினோம்.

மருத்துவர் இளம் பெண். நாயை மேசையில் ஏற்றியதும் முதலில் அதன் மேலுதட்டைத் தூக்கினார். ஈறில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்தது, சட்டென்று திரும்பிச் சிவக்கவில்லை. அவர் மனதுக்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

"ஈறு எப்பவும் இந்தக் கலர்தானா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அதன் ஈறு முன்பு என்ன நிறம் என்று முப்பத்தெட்டு நோட்டிலும் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடித்து ரத்தத்தில் போன கிருமி மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து ரத்தத்தைக் குறைக்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை போகும். இதற்குப் போயிருந்தது. "தண்ணி எப்பேர்ந்து அதிகமா குடிக்குது? சுமாரா சொன்னா போதும்" என்று கேட்டார். பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி சொன்னேன். சாப்பாடு குறைந்த தேதி, நடை சுருங்கிய தேதி, உண்ணி எடுத்த தேதி, மூன்று துளைகளின் தேதிகள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ கரெக்டா எழுதி வெச்சிருக்கீங்களே சார். அப்ப ஏன்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல" என்றார். பிறகு, "நாய் சொல்லாது. முடியலன்னா ஒதுங்கிப் போய்ப் படுத்துக்கும், அவ்ளோதான். அமைதியாயிடுச்சுன்னா நல்லதுன்னு விட்டுடறாங்க. எங்ககிட்ட வர்றதுல பாதி அப்படித்தான்" என்றார்.

"பிழைக்குமா?"

"மாத்திரை நாலு வாரம். டிரிப்ஸ் பத்து நாள் போட்டுப் பார்க்கலாம். சாப்பிட ஆரம்பிச்சா நம்பலாம் சார். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பத்து நாளும் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். மருத்துவமனையின் பின்னறையில் வரிசையாக இரும்பு மேசைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர் தம் பிராணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அதிகம் பேசவில்லை. முன்காலில் ஊசி செருகியிருக்க, நாய் என் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. சொட்டுகளை எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் நான் பழகியவனில்லை.

அங்கே நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததால் எழுதுகிறேன். இது போய்விட்டால், 'நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பதிலும் போய்விடும். அதன் பிறகு நான் பட்டாபிராமில் தனியாக இருப்பதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. புனேவுக்கு யாராவது வரச் சொல்வார்களா என்று காத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால், அதற்கு நான் எந்தத் தலைப்பின் கீழ் என்ன காரணம் எழுதுவேன்? நாய் பிழைக்க வேண்டும் என்று நான் விரும்பியதில் எவ்வளவு நாய்க்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு, பத்தரைக்கு அழைப்பு வந்தபோது நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். எடுக்கவில்லை. இரண்டரை ஆண்டுகளில் நான் எடுக்காத முதல் ஞாயிறு. வீட்டுக்கு வந்து, நாயைக் குளியலறை வாசலில் படுக்க வைத்துவிட்டு, நானாக அழைத்தேன்.

"எங்க போயிட்டீங்க?" என்றாள்.

சொன்னேன். பெல்ட்டிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். தேதிகளைச் சொல்லவில்லை. போனின் கோணம் என்று அவளிடம் சொன்னதையும் சொன்னேன். பின்னால் பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"வாயைத் தூக்கிக் காமிங்க" என்றாள் கடைசியில்.

மருத்துவர் செய்ததுபோல் உதட்டைத் தூக்கி, போனைக் கிட்டத்தில் பிடித்தேன். ஈறு பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது.

"நல்லா ரோஜா கலர்ல இருக்கும்" என்றாள். "நான் தேய்ச்சு விடுவேன்ல, வேப்பங்குச்சி வெச்சு. கறுப்புத் திட்டு ஒண்ணு இருக்கும், இடது பக்கம்."

இருந்தது. இடது பக்கம், கோரைப்பல்லுக்கு மேலே. நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் நாக்கைத் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. நாய் கண்ணைத் திறந்தது. அவ்வளவுதான். அவள் அழுதாளா என்பது திரையில் தெரியவில்லை. அவள் போனை மேலே பார்த்தபடி வைத்துவிட்டதால் எனக்கு ஒரு மின்விசிறியும் வெள்ளைக் கூரையும் மட்டும் தெரிந்தன. அந்தக் கூரையைப் பதினாறு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. 'வந்துடுங்களேன்' என்று அவள் மறுபடி சொல்லவில்லை. நானும் சென்ட்ரலில் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அதற்கான வாக்கியத்தை இரண்டு முறை மனதில் அமைத்துப் பார்த்தேன், இரண்டும் கடிதம்போல் இருந்தன.

ஜூன் 4, புதன், மாலையில் போன் அடித்தது. புதன்கிழமையில் அழைப்பது அவள் வழக்கமல்ல. "ஈறு காமிங்க" என்றாள். காட்டினேன். "சாப்டுச்சா?" "ரெண்டு உருண்டை." "நீங்க?" "ஆச்சு." வைத்துவிட்டாள்.

இப்போது நோட்டில் ஆறாவது தலைப்பு ஒன்று இருக்கிறது. 'நாய்' என்று மட்டும். காலையில் எழுந்ததும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ஈறை அழுத்தி, நிறம் திரும்பும்வரை எண்ணுகிறேன். விலாவில் கை வைக்கிறேன். தண்ணீரைக் கோடு போட்ட குவளையில் அளந்து ஊற்றி, இரவு மிச்சத்தைக் கழிக்கிறேன். எத்தனையாவது கம்பம் வரை நடந்தது என்று எழுதுகிறேன். காரணம் எழுதுவதில்லை. அந்தத் தலைப்பின் கீழ் காரணத்துக்கு இடமே விடவில்லை. வராதவற்றையும் எழுதுகிறேன்: வால் ஆட்டவில்லை, வாசலுக்கு வரவில்லை, எஞ்சின் வந்தது, குரைக்கவில்லை.

அந்தக் கடைசி வரி ஜூன் மாதத்தில் ஐந்து இடத்தில் இருக்கிறது. நாய் சாப்பிடுகிறது, எடை கூடவில்லை. மூன்றாவது கம்பம் வரை போகிறது. மருத்துவர் இன்னமும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்கிறார், ஆனால் அதைச் சொல்லும்போது இப்போதெல்லாம் நாயின் தலையைத் தட்டுகிறார்.

ஜூன் 26, வியாழன். மாத்திரை தீர்ந்ததால் பகலில் ஆவடி போனேன். நாய்க்குக் கிண்ணத்தில் நானூறு மில்லி ஊற்றி, பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது தேய்ப்புக்காரப் பெண்மணி வண்டியை விட்டுக் கேட்டுக்கே வந்து நின்றார்.

"சார்! எங்க சார் பூட்ட? நைனா கொலைச்சிச்சு சார்!"

"எப்போ?"

"இப்பதான், நீ போய்க் கொஞ்சம் நேரம் களிச்சு. எஞ்சினு வந்து ஊத்ச்சு பாரு, மேல்ருந்து ரெண்டு கொலை. லொள்ளு லொள்ளுன்னு. நான் பொட்டிய துணி மேலயே வெச்சிட்டேன், பாரு, சட்டை போச்சு." ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்திருந்தது.

"நம்ம நாய்தானா? நல்லாத் தெரியுமா? பின்னாடி தெருவுல ஒண்ணு இருக்கே."

அவர் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அல்லாத்தையும் அளந்துதான் நம்புவியா சார் நீ?"

மேலே ஓடினேன். நாய் பால்கனியில் இருந்தது. கம்பிகளுக்கு நடுவில் மூக்கு இல்லை, ஆனால் குளியலறையிலும் இல்லை. பால்கனியில்தான் இருந்தது. என்னைப் பார்த்து வாலைத் தரையில் இரண்டு முறை அடித்தது. எதிர் வீட்டு இளைஞரைக் கேட்டேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எஞ்சினே கேட்கவில்லை என்றார். செயலாளர் ஊரில் இல்லை. மறுபடி எஞ்சின் வருமென்று மாலைவரை பால்கனியில் நாயோடு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் மனைவியை அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. பேத்தியோடு வெளியே போயிருப்பாள் என்று எழுதப் போய், நிறுத்தி, 'எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் வரியில், 'நாய்' என்ற தலைப்பின் கீழ், அன்றைய பதிவு இப்படி இருக்கிறது:

"ஜூன் 26, வியாழன். பகல். எஞ்சின் ஊதியபோது இரண்டு முறை குரைத்ததாகத் தேய்ப்புக்கார அம்மாள் சொல்கிறார். நான் அப்போது வீட்டில் இல்லை. வேறு யாரும் கேட்கவில்லை. உறுதிசெய்யப்படவில்லை."